ஓடுகிற காரை ஏன் கொடுத்தோம்?



2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு நாங்கள் சிங்கப்பூரிலிருந்து கூலாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். பத்தாண்டுகளாகக் காரில் வந்து இறங்கிப் பழகியவர்கள், அன்று பேருந்தில் வந்து, சாலை முனையிலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். லயத்து வாசலில் நின்ற அத்தை மகன் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். "கார் எங்க மச்சான்? மறுபடியும் வழியில படுத்துக்கிச்சா?" என்றார்.

கொடுத்துவிட்டோம் என்றோம். என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டார். விலைக்குப் போகவில்லை, உடைக்கக் கொடுத்துவிட்டோம் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஓடுற காரையா? எங்ககிட்ட விட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்போமே!" என்றார்.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள தோட்டக் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு இருக்காது. பளபளவென்று கார் வருகிறது. சில ஆண்டுகளில் அது மறைந்துபோகிறது. வசதி அதிகமாகிவிட்டது, அதனால்தான் நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அன்று அத்தை மகனுக்குச் சொன்ன விவரத்தை இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் ஒரு கார் எப்போது சாகிறது? அதன் இயந்திரம் சாகும்போது. சில வீடுகளில் அப்போதும் சாவதில்லை. கோழி அடையும் கூண்டாக இன்னும் சில காலம் பிழைத்திருக்கும். சிங்கப்பூரில் கார் சாவது நாட்காட்டியைப் பார்த்து. பிறக்கும்போதே அதற்கு ஆயுள் எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த ஊர் ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு நிலம் சாலைகளுக்கே போய்விட்டது. எல்லாரும் விரும்பியபடி கார் வாங்கினால் நிற்கவும் இடமிருக்காது, நகரவும் இடமிருக்காது. இதை அரசாங்கம் நெடுநாளாகவே கவனித்து வந்தது. 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் முதல், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம் விதிக்கப்பட்டது. நான்கு பேராக வந்தால் கட்டணம் இல்லை. ஆகவே சாலையோரத்தில் நிற்பவர்களை, முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், அழைத்து ஏற்றிக்கொண்ட காலம் அது. அதே 1975இல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. பத்து வயது ஆவதற்குள் பழைய காரைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டால் உரிமையாளருக்குச் சலுகை உண்டு. பழைய வண்டி நடுச்சாலையில் நின்று வழியை அடைக்கிறது, புகை கக்குகிறது, ஆகையால் அது சீக்கிரம் ஒதுங்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

பிறகு 1990ஆம் ஆண்டு மே மாதம் வந்ததுதான் இன்று எல்லாரும் பேசும் வாகன உரிமைச் சான்றிதழ். கார் வாங்கப் பணம் இருந்தால் போதாது, அதைச் சாலையில் வைத்திருக்கும் உரிமையையும் தனியாக வாங்க வேண்டும். அந்த உரிமைக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். அதற்கு அரசாங்கம் விலை வைப்பதில்லை, ஏலம் நடக்கிறது. நம் பெண்கள் சீட்டு ஏலம் எடுப்பார்களே, அதைப் போல ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்கள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம் என்றால் விலை ஏறும்; கேட்பவர் குறைந்தால் இறங்கும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தபோது, சிறிய கார்களுக்கான சான்றிதழ் ஓர் ஏலத்தில் 2 வெள்ளிக்குப் போயிற்று. ஆமாம், இரண்டே வெள்ளி! அதே சான்றிதழ் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் 106,000 வெள்ளி. வண்டிக்கு அல்ல, வண்டி வைத்திருக்கும் உரிமைக்கு மட்டும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை இனி வளரக்கூடாது என்றே முடிவாயிற்று. அதற்குப் பிறகு ஒரு கார் இறங்கினால்தான் இன்னொரு கார் ஏற முடியும் என்று ஆயிற்று. நிரம்பிய பேருந்தில் இடம் கிடைப்பதைப் போலத்தான்.

எங்கள் கார் 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதிவானது. அந்த இரண்டு வெள்ளி அதிர்ஷ்டத்துக்கு மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்டது. அதற்கும் எங்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே நேரம் ஒத்துவரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நாங்கள் அதைப் புதிதாக வாங்கவில்லை. 2012இல் சான்றிதழ் விலை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து, புதுக் கார் நமக்கில்லை என்று தெரிந்து, இன்னொருவர் நான்கு ஆண்டு ஓட்டியதை வாங்கினோம். எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லப்போவதில்லை. அதே வகைக் கார்கள் எத்தனையோ வீடுகளில் ஒழுங்காக ஓடியிருக்கின்றன.

வாங்கிய அன்றே சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். மூன்று பழம் நசுங்கியது. நான்காவது உருண்டு ஓடிவிட்டது. அப்போது சிரித்தோம்.

காரை வாங்கிய காரணம் அத்தைதான். தேக்கா பக்கத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எங்களுக்கு ஊருக்குள் சுற்ற கார் தேவையே இல்லை. 2003ஆம் ஆண்டிலேயே லிட்டில் இந்தியாவுக்கு எம்.ஆர்.டி. ரயில் வந்துவிட்டது, பேருந்துக்கும் குறைவில்லை. ஆனால் அத்தை, அந்தத் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறியபோதும் அங்கேயே இருந்து, முழங்கால் தேய்ந்தவர். பேருந்துப் படியில் அவரால் ஏற முடியாது. மாதம் ஒருமுறை நாங்கள் போய் அழைத்து வருவோம். தேக்காவில் அவருக்கு வெற்றிலை வேண்டும், சிராங்கூன் சாலையில் சேலைக் கடையை வெளியிலிருந்து பார்க்க வேண்டும், பெருமாள் கோயிலில் உட்கார வேண்டும். திரும்பும்போது தோட்டத்து வாழைக்காயும் முருங்கைக்காயும் எங்கள் பின்பெட்டிக்கு வரும்.

கார் செய்த கூத்துக்களைச் சொன்னால் நேரம் போதாது. ஒன்றிரண்டு சொல்லலாம்.

சிங்கப்பூர்க் கார் கடற்பாலத்தைக் கடந்து ஜொகூருக்குப் போகும்போது எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1989இல் அரைப்பங்கு என்று தொடங்கி 1991இல் முக்காலாக்கினார்கள். எங்கள் காரின் பெட்ரோல் முள் பாதியில் சிக்கிக்கொள்ளும் பழக்கமுடையது. தொட்டி நிறைய ஊற்றிக்கொண்டு போவோம். சோதனைச் சாவடியில் முள் அரை என்று காட்டும். அதிகாரி முள்ளைத்தான் நம்புவார், அவர் மேல் குற்றமில்லை. திரும்பிப் போய், இன்னும் ஊற்ற இடமில்லாத தொட்டியில் ஊற்றப் பார்த்துவிட்டு, வண்டியைக் குலுக்கி முள்ளை எழுப்பிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்போம்.

இன்னொரு முறை, தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, சிராங்கூன் சாலை முழுவதும் அலங்கார விளக்கு. பின் இருக்கையில் அத்தை அண்ணாந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வருகிறார். நடுச்சாலையில் இயந்திரம் அணைந்துவிட்டது. பின்னால் பேருந்துகள். ஞாயிறு விடுமுறைக்கு வந்திருந்த தொழிலாளத் தம்பிகள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வங்காள தேசத்துப் பிள்ளைகளும், ஏழெட்டுப் பேர் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். அத்தை இறங்கவில்லை. தேரில் இருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். கேம்பல் சந்து முனை வரை தள்ளிக்கொண்டு போய் ஒதுக்கியபின், "தம்பி, இந்த வண்டி நிக்காம போயிருந்தா இந்த வெளக்கை நான் இவ்வளவு நேரம் பார்த்திருப்பேனா?" என்றார்.

எங்களுக்கு அந்தக் காரின்மேல் பிடிப்பு வந்ததற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒழுங்காக ஓடுகிற காரை நாம் பார்ப்பதே இல்லை. அடிக்கடி நிற்கிற காரின் ஒவ்வொரு சத்தமும் நமக்குத் தெரியும்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் பத்து ஆண்டு முடிந்தது. அப்போது மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நாள் முடிவதற்குள் பதிவிலிருந்து நீக்கி, கட்டிய வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கொடுத்துவிடுவது. இரண்டாவது, முந்திய மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி இன்னும் பத்து ஆண்டு நீட்டிப்பது. மூன்றாவது, அதில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டு நீட்டிப்பது. ஆனால் ஐந்துக்குப் பிறகு மறு நீட்டிப்பு கிடையாது. நீட்டித்தால் திரும்ப வரவேண்டிய வரிப் பணம் போய்விடும். பத்து வயதுக்கு மேல் சாலை வரியும் கூடும். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தாக ஏறி, பதினான்கு வயதுக்கு மேல் நூற்றுக்கு ஐம்பது கூடுதல். சோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது போய், ஆண்டுதோறும் வரும்.

ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் எங்கள் காருக்கு வைத்தியம் பார்த்த பட்டறைக்காரர் பெரியவர், சீனர், எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். மூன்று ஆண்டு ரசீதுகளைக் கொண்டுவரச் சொன்னார். கூட்டிப் பார்த்தார். அதை முப்பத்தாறால் வகுத்தார். "மாதம் இவ்வளவு. இந்தப் பணத்துக்கு அத்தையை டாக்சியில் கூட்டிவரலாம்" என்று மலாயில் சொன்னார். தனக்கு வருகிற வேலையைத் தானே வேண்டாம் என்று சொன்ன மனிதர். உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ரசீதும் தனியாகச் சின்னதாகத்தான் தெரியும்.

நாங்கள் கணக்கைப் பார்த்தோம், புரிந்துகொண்டோம், ஐந்து ஆண்டுக்குக் கட்டிவிட்டோம். இன்னும் ஐந்து ஆண்டு அத்தைக்குக் கார் இருக்கும் என்பதுதான் அப்போது நினைப்பு.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், கொரோனா தொற்றினால் எல்லை மூடப்பட்டது. 1924இல் திறந்த அந்தக் கடற்பாலம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம், அவ்வளவுதான் இடைவெளி. கார் கீழே நிறுத்துமிடத்தில் நின்றது. மின்கலம் செத்துவிடக்கூடாதே என்று வாரம் ஒருமுறை சிராங்கூன் சாலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். கடைகள் பாதி மூடியிருக்கும். அந்த நாட்களில், கேளுங்கள், அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அத்தை இறந்துபோனார். அனுமதி கேட்டு, சோதனை செய்து, தனிமையில் இருந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். முடிந்துவிட்டது. கைத்தொலைபேசியில் பார்த்தோம். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. உங்கள் வீடுகளிலும் பலருக்கு இது நேர்ந்திருக்கும். அதிகம் சொல்லத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை திறந்தது. அந்த நள்ளிரவில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் ஆரவாரத்தோடு பாலம் ஏறியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இரண்டு வாரம் கழித்துப் போனோம். பாலத்தில் நெரிசல். கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறிற்று.

இதைக் கொஞ்சம் விளக்குகிறோம், உங்களுக்கும் பயன்படும். கார் வேகமாக ஓடும்போது முன்னால் அடிக்கிற காற்றே ரேடியேட்டர் தண்ணீரைக் குளிரவைக்கும். நெரிசலில் அந்தக் காற்று இல்லை; மின்விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். பழைய காரில் விசிறியின் மோட்டாரோ, அதற்கு மின்சாரம் விடும் ரிலேயோ கெட்டிருந்தால், திறந்த சாலையில் நோய் தெரியாது, வரிசையில் நின்றால்தான் தெரியும். முள் ஏறுகிறது என்று கண்டால் குளிர்சாதனத்தை அணையுங்கள். ஒதுங்க இடமிருந்தால் ஒதுங்கி இயந்திரத்தை நிறுத்துங்கள். எக்காரணம் கொண்டும் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. திறந்தால் முகத்தில் கொதிநீர் பீறிடும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, கனத்த துணி போட்டு, மெல்லத் திருகுங்கள்.

அன்று எங்களுக்கு ஒதுங்க இடமில்லை. கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, வெந்நீராய் வேர்த்துக்கொண்டு, நிறுத்துவதும் எடுப்பதுமாகக் கரை சேர்ந்தோம். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தி. அத்தையின் படத்துக்கு முன் சற்று நேரம் நின்றோம். இரவு திரும்பும்போது வண்டிக்குள் யாரும் பேசவில்லை. பின் இருக்கையில் அத்தை சாயும் பக்கத்தில் வெற்றிலைக் கறை ஒன்று உண்டு. கழுவக் கழுவப் போகாத கறை. 2018இல் பட்டறைப் பெரியவர் சொன்ன கணக்கு அந்த இரவுதான் எங்கள் மனத்தில் ஏறியது. இந்த வண்டியில் ஒரு குழந்தையையோ நோயாளியையோ ஏற்றிக்கொண்டு பாலத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி அத்தை மகனின் கேள்விக்கு வருவோம். எங்களிடம் விட்டிருக்கலாமே என்றார். முடியாது. மலேசியாவுக்குள் கார் இறக்குமதி செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும், வரிகள் கட்ட வேண்டும். பதினைந்து வயதுக் காருக்கு அது கட்டுபடியாகாது. சிங்கப்பூர்ப் பதிவு முடிந்த காரைச் சாலையில் ஓட்டவும் முடியாது. ஒன்று வெளிநாட்டுக்குக் கப்பலேற்ற வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற உடைப்பிடத்தில் கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பழம்பெரும் கார்களுக்கு, ஆண்டில் 45 நாள் மட்டும் ஓட்டும் தனி ஏற்பாடு உண்டு. அது ஆசைக்கு வைத்திருப்பவர்களுக்கு. நம்மைப் போன்றவர்கள் இருபது ஆண்டு ஒரு காரைப் போர்வை போர்த்தி வைத்திருக்க முடியுமா?

மலேசியாவிலும் ஒருமுறை இப்படிப் பேச்சு வந்தது. 2009இல் பதினைந்து வயதான கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்று அறிவித்தார்கள். மக்கள் எதிர்ப்பினால் கைவிட்டார்கள். எதிர்த்தது சரியென்றே நாங்களும் நினைக்கிறோம். பேருந்து வராத தோட்டத்தில் பழைய கார்தான் ஆம்புலன்ஸ், பள்ளி வண்டி, கல்யாண ஊர்வலம் எல்லாம். ஆனால் பிரேக்கையும் டயரையும் பார்க்க அரசாங்கம் ஆணையிட வேண்டியதில்லை.

2023 ஆகஸ்டில் கடைசி நாள் வந்தது. இழுத்துச் செல்லும் வண்டி வேண்டாம், நாங்களே கொண்டுபோய் விடுகிறோம் என்றோம். உடைப்பிடம் சுங்கை காடுட் வட்டாரத்தில், கடற்பாலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. விரைவுச்சாலையை விட்டு, தேக்கா முனையிலிருந்து புக்கிட் தீமா சாலையைப் பிடித்தோம். ஜொகூருக்குப் போகும் பழைய பாதை அது. வழியில் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக் கட்டடம் வரும். 1941இல் கார் பூட்டத் திறந்த இடம். மறு ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். 1980இல் தொழிற்சாலை மூடப்பட்டு, இன்று நினைவுக் காட்சியகமாக இருக்கிறது. அதைத் தாண்டும்போது வெப்பமானி முள் நட்டநடுவில் நின்றது. இயந்திரம் ஒரு முனகல் போடவில்லை. இவ்வளவு காலம் இதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்கத் தோன்றியது.

உடைப்பிடத்தில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பெரும்பாலானவை புதிது போலவே இருந்தன. முதலில் மின்கலத்தையும் டயரையும் எடுப்பார்கள், எண்ணெயை வடிப்பார்கள், இயந்திரத்தைத் தூக்குவார்கள், மிச்சக் கூட்டை நசுக்கி இரும்பாக்குவார்கள். எங்களுக்குச் சில நூறு வெள்ளி கிடைத்தது. அங்கே வேலை செய்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சாமி படம் இருக்குண்ணே, எடுத்துக்குங்க" என்றார். அம்மன் படத்தை எடுத்தோம். இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவியதில் ஒரு குடையும், காய்ந்து கல்லாகிப்போன ஓர் எலுமிச்சம்பழமும் கிடைத்தன. பின் இருக்கை உறையைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்டோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் கழற்றி, மடித்துக் கொடுத்தார்.

சாவியைக் கொடுத்துவிட்டு உட்லண்ட்ஸ் சாலைக்கு நடந்து வந்து பேருந்துக்கு நின்றோம். வந்தது 170ஆம் எண். லார்க்கினிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்து, தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள குயீன் ஸ்திரீட் வரை போகிற வண்டி. உள்ளே ஜொகூரிலிருந்து ஏறிய ஓர் அம்மாள், பெரிய சாக்குப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையின் வாய் வழியாக முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.